கடைவீட்டு முற்றத்தில் கைவேலைத் தோட்டம்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகளை வாசலில் நின்று பார்த்தால், அவற்றின் வயிற்றுக்குள் வானம் இருப்பது தெரியாது. அகலம் குறைந்து நீளம் மிகுந்த அந்த வீடுகளுக்குள் வெளிச்சமும் காற்றும் இறங்குவதற்காக நடுவில் ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். பின்கட்டில் சமையலறையை ஒட்டி ஒரு முற்றமும் இருக்கும். இன்று அந்த இடங்கள் பெரும்பாலும் ஏர்கான் பெட்டிகளுக்கும் உடைந்த வாளிகளுக்கும் போய்விட்டன. அப்படியொரு முற்றத்தை, ஒப்பந்தக்காரரைக் கூப்பிடாமல், சிமெண்டும் உடைந்த தட்டுகளும் கொண்டு சொந்தக் கையால் தோட்டமாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். முன்பின் கரணை பிடிக்காதவர்களும் செய்யலாம். வேலையின் வரிசையை மட்டும் மாற்றக்கூடாது.

தண்ணீர், வெளிச்சம், சிமெண்டு வேலை, உடைந்த தட்டு, டைல் சில்லுகளை ஒட்டுதல், கடைசியில் செடி. இதுதான் வரிசை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாம்சன் சாலை நர்சரியில் செடி வாங்கிவந்து இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் செடி அழுகி, தரை பாசி பிடித்து, கொசு வந்து, ஆசையும் போய்விடுகிறது.

கை வைப்பதற்கு முன்

லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் கடைவீடுகள் 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களில் இருப்பவை. அங்கே முற்றத்துக்குக் கூரை போடுவது, சுவரை இடிப்பது, அமைப்பை மாற்றுவது என்று எதற்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். தொட்டி வைப்பதும், தூக்கி எடுக்கக்கூடிய சில்லுப் பலகை மாட்டுவதும் கட்டடத்தை மாற்றுகிற வேலையல்ல. ஆகவே எல்லாவற்றையும் கழற்றி எடுக்கும்படி செய்வதே நல்லது. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

முற்றம் மேல்மாடியில் இருந்தால் இந்தக் கட்டுரையில் வரும் சிமெண்டுத் தொட்டிகளை மறந்துவிடுங்கள். பழைய மரத்தளமோ மெல்லிய காங்கிரீட்டோ எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல முடியும்.

தண்ணீர் எங்கே போகும்?

ஒரு கணக்கு. முற்றம் 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், ஆக 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் சரியும் கூரை 30 சதுர மீட்டர். கனத்த மழையில் ஒரு மணி நேரத்தில் 70 மி.மீ. கொட்டினால் ஏறத்தாழ 3,000 லிட்டர் தண்ணீர் அந்தச் சின்ன இடத்துக்குள் விழுகிறது. அத்தனையும் ஒரே ஒரு வடிகால் வாய் வழியாக வெளியேற வேண்டும். வாயை ஒரு மாவிலை அடைத்தாலும் தண்ணீர் சமையலறைக்குள் வரும்.

முதல் வேலை, அந்த வாய் எந்தக் குழாயில் சேர்கிறது என்று பார்ப்பது. சிங்கப்பூரில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கக்கூடாது. பின்கட்டு முற்றங்களில் கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல் மூடியும் அடிக்கடி இருக்கும். அதன் மேல் தொட்டி கட்டாதீர்கள், சில்லு ஒட்டாதீர்கள். அடைப்பு வரும் நாளில் அதைத் திறந்தே ஆகவேண்டும், அப்போது உங்கள் வேலைதான் உடைபடும்.

அடுத்து வாட்டம். 80க்கு 1 என்ற சரிவு போதும். 4 மீட்டர் நீளத்துக்குச் சுவரோரம் தரை வடிகால் வாயைவிட 5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். இதை அளக்க ரசமட்டத்தைவிட டியூப் லெவல் சிறந்தது. உள்ளே தெரியும் எட்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு சுவர்களில் பிடித்தால், இரண்டு பக்கமும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைவரை அளந்தால் பள்ளமும் மேடும் தெரிந்துவிடும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும், அதனால் முதலில் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

வாட்டம் சரியில்லையென்றால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். அழகான தரையின் நடுவே தேங்கும் ஒரு கை நீர், ஐந்து வருடத்துக்கும் பாசியாகவும் கொசுவாகவும் திரும்பத் திரும்ப வரும்.

வெயில் எத்தனை மணிக்கு, எந்தச் சுவரில்?

ஊரில் கற்ற பழக்கத்தில் "கிழக்கு வெயில், மேற்கு வெயில்" என்று பார்ப்பது ஆழமான முற்றத்துக்கு உதவாது. இங்கே காலை வெயிலும் மாலை வெயிலும் மேல்மாடிச் சுவரோடு நின்றுவிடும். தரையைத் தொடுவது உச்சி வெயில் மட்டுமே. அந்த உச்சியும் சிங்கப்பூரில் 12 மணிக்கு வருவதில்லை; பிற்பகல் 1 மணியை ஒட்டித்தான் சூரியன் மிக உயரத்தில் நிற்கிறது. ஆகவே 12 மணியிலிருந்து 2 மணிவரை முற்றத்தில் நின்று கவனியுங்கள்.

நம் தீவு நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச், செப்டம்பர் பிற்பாதியில் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வரும். ஜூனில் வடக்கே 22 பாகை சாயும், டிசம்பரில் தெற்கே ஏறத்தாழ 25 பாகை சாயும். மேலே சொன்ன முற்றத்தைச் சுற்றிலும் 9 மீட்டர் சுவர், 4 மீட்டர் நீளம் வடக்கு தெற்காக இருக்கிறது என்றால் நடப்பது இதுதான். மார்ச்சில் தரையின் நடுவே ஒன்றேகால் மணி நேரம் வெயில் விழும். ஜூனில் தென்சுவர் ஓரமாக ஒரு முழத்துக்கும் குறைவான பட்டையில் மட்டும் விழும். டிசம்பரில் தரையில் துளி வெயில் கிடையாது, ஆனால் வடசுவரில் 30 செ.மீ. உயரத்துக்கு மேல் விழும். மார்ச்சில் அதே முற்றத்தில் 6 மீட்டர் உயரத்தில் தொங்கும் தொட்டிக்கு மூன்றரை மணி நேரம் கிடைக்கும். அதாவது, ஆழமான முற்றத்தில் வெயில் கேட்கும் செடியின் இடம் தரையல்ல, மேலே.

கருவி எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாளைச் செடி வைக்கும் இடத்தில் வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெளிவாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலான உருவம் தெரிந்தால் பன்னம் (ஃபெர்ன்), மணி பிளாண்ட் போன்றவற்றுக்குப் போதும். நிழலே விழவில்லையென்றால் அங்கே செடி வேண்டாம், சில்லு வேலையை வையுங்கள். இருண்ட மூலையில் வெள்ளைப் பளபளப்புச் சில்லுகள் வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பித் தரும். அது செடியைவிட அந்த மூலைக்கு நல்லது.

சிமெண்டுத் தொட்டி வார்த்தல்

கடையில் விற்கும் நெகிழித் தொட்டியைவிடக் கையால் வார்த்த தொட்டி முற்றத்தின் மூலைக்கு அச்சாகப் பொருந்தும். உள்ளளவு 85 × 25 × 30 செ.மீ., சுவர் கனம் 2.5 செ.மீ. என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

தேவையானவை: சிமெண்டு 20 கிலோ, அதாவது 14 லிட்டர். கழுவிய பூச்சு மணல் 28 லிட்டர். தண்ணீர் 8 முதல் 9 லிட்டர். 6 மி.மீ. கம்பி, 12 மி.மீ. கண்ணுள்ள கோழிவலை, கட்டுக்கம்பி, 20 மி.மீ. பிவிசி குழாயில் மூன்று துண்டு. அச்சுக்குத் தெர்மக்கோல் போதும். ஈரச்சந்தையில் மீனும் காய்கறியும் வரும் பெட்டிகளைக் கேட்டால் கொடுப்பார்கள். அவற்றை வெட்டி டேப் ஒட்டி உள்ளளவுக்குப் பெட்டியாக்குங்கள். கடற்கரை மணலை எடுக்கவே கூடாது. உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளில் மற்றவை எல்லாம் கிடைக்கும்.

அச்சைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கம்பிச் சட்டத்தைக் கட்டி, இரண்டு சுற்றுக் கோழிவலையை இறுக்கிப் போர்த்துங்கள். வலை அச்சோடு ஒட்டிக் கிடக்கக்கூடாது. இடையில் ஒரு செ.மீ. காய்ந்த சாந்துத் துண்டுகளைச் செருகினால் கலவை வலைக்குப் பின்னாலும் போய் நிற்கும். மேலே தெரிவது தொட்டியின் அடிப்பாகம் என்பதால் பிவிசி துண்டுகளை அங்கே நேராக நட்டு வையுங்கள், அவைதான் வடிதுளை.

சிமெண்டையும் மணலையும் உலர்வாக நிறம் ஒன்றாகும்வரை புரட்டிய பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். பதம் வடைமாவு: உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒழுகக்கூடாது. எளிதாகப் பூசலாமே என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. அதிகத் தண்ணீர் ஆவியாகும்போது கலவை சுருங்கித் தலைமுடி விரிசல் விடும், அதன் வழியே ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துத் தொட்டியைப் பிளக்கும். எல்லாம் ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

கலவையை வலைக்குள் கையால் அழுத்தி முதல் பூச்சு ஏறத்தாழ 12 மி.மீ. போட்டு, ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். மறுநாள் அதை நனைத்து இரண்டாம் பூச்சு. கையுறை கட்டாயம். ஈரச் சிமெண்டு தோலை மெல்ல அரிக்கும், வலி தெரியும்போது புண் ஆகியிருக்கும். முதல் 24 மணி நேரம் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வையுங்கள். அதிகாலையில் திடீரென்று வந்தடிக்கும் சுமத்ராக் காற்றுமழை புதுப்பூச்சைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதன்பின் 7 நாள், ஈரச்சாக்கு போர்த்திக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். "காய விடுவது" என்று நாம் சொன்னாலும் சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. வெயிலில் சீக்கிரம் காய்ந்த தொட்டியை நகத்தால் கீறினால் தூள் வரும்.

வெறுந்தொட்டி 60 கிலோ இருக்கும். ஈரமண் நிறைந்தால் 150 கிலோவை நெருங்கும். நிற்கவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வார்த்து, ஒரு வாரம் கழித்து இரண்டு பேராக நிமிர்த்தி, செங்கல் கால்மேல் வையுங்கள். அடியில் காற்று ஓடினால் தரையும் காயும்.

புதுச் சிமெண்டில் சுண்ணாம்புக் காரம் அதிகம். வடிதுளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, நாலைந்து தடவை கழுவுங்கள். காரத்தைக் காட்டும் பிஎச் தாளில் 8.5க்குக் கீழே வந்த பிறகே மண். கருவி கழுவிய சிமெண்டு நீரை வடிகாலில் ஊற்றாதீர்கள். இங்கே வடிகால்களின் தண்ணீர் நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, தெளிநீரால் அடுத்த முறை கருவி கழுவலாம், அடியில் இறுகிய கட்டியைக் குப்பையில் போடலாம்.

சில்லு வேலை

உடைந்த பீங்கானையும் கண்ணாடி வளையலையும் கலையாக்கியவர்களில் பெரியவர் சண்டிகரின் நேக் சந்த். சாலை ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே, 1957 வாக்கில் தொடங்கி, காட்டோரப் பள்ளத்தில் யாருக்கும் தெரியாமல் தன் தோட்டத்தைக் கட்டினார். 1976இல்தான் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. யாரிடமும் முறையாகக் கற்றவரல்லர். அந்தத் தோட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் புரிவது, பொருள் விலையில்லாதது, பொறுமைதான் விலை என்பது. நம் வீட்டிலும் சேர்ப்பதற்குப் பஞ்சமில்லை: விளிம்பு போன தட்டு, மிச்சமான டைல், பொங்கலுக்கு வாங்கி உடைந்த மண்பானை, வளையல் துண்டு.

பழைய கடைவீட்டுச் சுவரில் மட்டும் நேரடியாக ஒட்டாதீர்கள். அந்தச் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சால் மூடியவை. கீழிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே மூச்சாக விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டும் டைலும் போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சில்லுகள் பூச்சோடு சேர்ந்து தகடாகப் பெயரும். பெரும்பாலும் அது பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர். ஆகவே 12 மி.மீ. சிமெண்டுப் பலகையில் ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகால் மாட்டி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். பலகை 60 × 60 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம். ஒட்டி முடித்தால் 15 கிலோ அளவுக்கு வரும், ஒருவர் தூக்க அதுவே எல்லை.

பலகையில் கோலத்தைப் போலவே புள்ளி வைத்துத் தொடங்குங்கள். 10 செ.மீ.க்கு ஒரு புள்ளியாக சாக்பீஸால் வைத்து, அதன் மேல் கோடு இழுத்தால் எந்த வடிவமும் கோணாது. கண் மூடிக்கொண்டு கோலம் போடத் தெரிந்தவர்கள் இந்த வேலையை மற்றவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்.

உடைப்பதற்குத் தட்டைப் பழைய துண்டில் சுற்றிச் சுத்தியலால் ஒரே அடி. பிறகு சக்கர நிப்பர் என்னும் வெட்டுக் குறடால் வேண்டிய அளவுக்கு நறுக்குங்கள். கண்ணாடி அணியுங்கள், உலர்வாக டைல் அறுத்தால் என்95 முகக்கவசமும் வேண்டும்; அந்தத் தூசி நுரையீரலில் தங்கும். தட்டின் அடிவளையம் இருக்கும் துண்டைத் தனியே வையுங்கள். அது மற்றவற்றோடு மட்டமாக உட்காராது, விளிம்பு மேலெழுந்து கையைக் கிழிக்கும்.

டைல் பசையைப் பையில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி கலந்து, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி கிளறுங்கள், தண்ணீர் சேர்க்காமல். ஒரு தடவைக்கு 30 × 30 செ.மீ. பரப்புக்குமேல் தடவாதீர்கள். வெக்கையில் பத்து நிமிடத்தில் மேலே ஆடை படியும். அதில் ஒட்டிய சில்லு அன்றைக்கு நிற்கும், ஆறு மாதத்தில் உதிரும். விரலால் தொட்டுப் பசை ஒட்டவில்லையென்றால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். சில்லுகளுக்கு நடுவே 3 முதல் 5 மி.மீ. விடுங்கள்.

வளையல் துண்டு வழுவழுப்பானது, மேலோட்டமாக ஒட்டினால் நிற்காது. பாதிவரை பசைக்குள் புதைய வேண்டும். பொன்வண்ணம் பூசியதும் ஜிகினா ஒட்டியதும் மழையில் வெளுத்துவிடும். கண்ணாடியே நிறமாக இருப்பதை எடுங்கள்.

24 மணி நேரம் கழித்துக் கிரவுட், அதாவது இடைவெளிகளை அடைக்கும் சாந்து. இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கலந்து ரப்பர் தட்டால் இடைவெளிகளுக்குள் அழுத்துங்கள். 15 முதல் 20 நிமிடம் கழித்து, பிழிந்த பஞ்சால் துடையுங்கள். சொட்டும் பஞ்சால் துடைத்தால் கிரவுட்டின் நிறமும் பலமும் அதோடு வந்துவிடும். கடைசியில் மங்கலாகப் படியும் படலத்தை உலர்துணி எடுத்துவிடும். குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் ஒவ்வொரு விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்துச் சாணைக்கல்லால் தேயுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியமானது. கோப்பையை முழுதாகப் பதிக்க ஆசை வரும். வாய் மேல்நோக்கி இருந்தால் அது கொசுத்தொட்டி. ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணயத்தின் அளவுக்கு நீர் போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. வாயைக் கீழ்நோக்கி வையுங்கள், அல்லது அடியில் துளை போடுங்கள். தரையில் பளபளப்புச் சில்லு வேண்டாம், மழையில் வழுக்கும்.

செடியும் மீனும்

துளசி, மல்லிகை, கறிவேப்பிலை மூன்றையும்தான் எல்லாரும் முதலில் வாங்குகிறோம். ஆழமான முற்றத்தின் தரையில் மூன்றும் நிற்காது. நாலைந்து மணி நேர வெயிலாவது கேட்பவை. துளசி மாடம் வேண்டும் என்றால் இரண்டு தொட்டி வளருங்கள். ஒன்று மாடத்தில் இருக்கும் வாரம் மற்றது மேல்மாடி ஜன்னலில் வெயில் காயட்டும், வாரந்தோறும் மாற்றுங்கள்.

முற்றத்துக்கென்றே பிறந்த செடி வெற்றிலை. நிழலும் ஈரக்காற்றும் அதற்குப் பிடிக்கும். கரடான பலகை கொடுத்தால் தானே பற்றி ஏறும். ரம்பை மங்கலான வெயிலில் வரும். பறவைக்கூட்டுப் பன்னம், மான்ஸ்டெரா, மருள் ஆகியவை அதிகம் கேட்காது. அக்லோனிமாவும் பீஸ் லில்லியும் நிழலில் அழகு, ஆனால் மென்றால் வாய் எரியும், பூனையோ தவழும் குழந்தையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலைக்குவியலில் நீர் தேங்கும் புரோமெலியாட் வகை வேண்டவே வேண்டாம். மூங்கில் கழி நட்டால் அதன் மேல் துளையை மணலால் நிரப்புங்கள்.

மண்ணுக்கு, நர்சரியில் கிடைக்கும் சுட்ட மண் 2 பங்கு, மக்கு உரம் 1 பங்கு, பெர்லைட் அல்லது பியூமிஸ் என்னும் லேசான கல்துகள் 1 பங்கு. காற்றோட்டம் குறைந்த இடத்தில் மண் மெதுவாகக் காயும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

நீர்த்தொட்டி வேண்டுமானால் 100 லிட்டரில் ஆறேழு கப்பி மீன் போதும், லோங்காங் (வடிகால்) மீன் என்கிறோமே அதுதான். கொசுப்புழுவைத் தின்றுவிடும், தானே பெருகும். குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது. ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகாது, அதை நீக்கும் மருந்து கலந்த பிறகே மீனை விடுங்கள். பெருகிய மீனை நீர்த்தேக்கத்திலோ வடிகாலிலோ விடக்கூடாது, வேண்டியவர்களுக்குக் கொடுங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் சில்லுப் பலகையை உள்ளறையிலோ பால்கனியிலோ வைக்கலாம். பொதுத் தாழ்வாரத்தில் செடி வைத்தால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், சுவரில் எதையும் ஒட்டக்கூடாது.

வேலை முடிந்த பிறகு வரும் முதல் பெருமழைக்குக் காத்திருங்கள். மழை நின்று அரைமணி கழித்து, கையில் சாக்பீஸோடு முற்றத்தைச் சுற்றி, இன்னும் தேங்கியிருக்கும் ஒவ்வொரு நீர்த்திட்டையும் கோடு போட்டு அடையாளம் வையுங்கள்: தரையில், பலகையின் மேல்விளிம்பில், தொட்டியின் வாயோரத்தில். மறுநாள் காய்ந்ததும் அந்தக் கோடுகளுக்குள் மட்டும் சாந்து வைத்து வாட்டத்தைத் திருத்துங்கள். அடுத்த மழையில் மறுபடி கோடு போடுங்கள். மூன்றாம் மழையில் கோடு போட இடமில்லாமல் போகும்.